மரியராஜின் மூன்று விசில்

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கம்பம் போகிற ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மரம் அறுக்கிற மெஷின்களுக்குச் செயின் தீட்டித் தருகிற இடம். உள்ளே போனால், உருண்டை அரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் மனிதர் தலையை நிமிர்த்துவார். வாங்க என்று சொல்வதற்கு முன்பே இன்னொன்றைச் சொல்வார்: “எனக்குக் காது கேக்காது. முகத்தைப் பாத்துப் பேசுங்க.” யாரும் விசாரிக்காமலே சொல்வார். பெட்ரோல் பங்கில் சொல்வார், மாதா கோயிலுக்கு மாற்றலாகி வந்த புதுச் சாமியாரிடம் சொல்வார், டவுன் பஸ்சில் பக்கத்தில் வந்து உட்காருகிறவனிடமும் சொல்வார். புதிதாகக் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும். இந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது என்பதும், அந்தத் தாமதத்தை யார் உடம்பு தாங்கியது என்பதும் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பெயர் மரியராஜ். வயது ஐம்பத்திரண்டு. பூர்வீகம் ராயப்பன்பட்டி. ஆரோக்கியம்மாளைக் கட்டிய பிறகு இங்கே வந்து தங்கிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மரம் சாய்த்தவர். கூடலூரிலிருந்து பெரியகுளம் வரைக்கும் அவர் மெஷின் பேசாத ஊர் குறைவு.

மரம் வெட்டுகிறவனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தப்புப் பண்ணித்தான் படிக்க வேண்டும், அதுவும் உயிர் மிச்சமிருந்தால். மரியராஜ் படித்த முதல் பாடம் அவருடைய இடது புருவத்தில் இருக்கிறது. இருபத்தி நாலு வயதில், மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற சில்வர் ஓக் மரத்தை அறுத்தார். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் பிளந்த மாதிரி ஆழமாக ஒரு துண்டு எடுக்க வேண்டும். அப்புறம்தான் முதுகுப்பக்கம் அறுக்க வேண்டும். அப்போதும் முழுசாக அறுத்துவிடக் கூடாது, நடுவில் நாலு விரல் கனம் விட்டுவைக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துப் படுக்க வைக்கும். அவசரத்தில் அன்றைக்கு மரியராஜ் வாயைப் பேருக்குக் கிள்ளிவிட்டு முதுகில் மெஷினை வைத்தார். பாதி அறுக்கும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பலகை எகிறி அவர் புருவத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. ஒரு சாண் முன்னால் நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இரண்டாவது பாடம் வலது தொடையில், பதினாலு தையலாக. மெஷினின் நுனி தழைக்குள் மறைந்திருந்த கிளையில் பட்டது. பட்டால் மெஷின் எதிர்த்து உதைக்கும், மாடு மாதிரி. நுனியால் தொடாதே என்று அன்றைக்குப் படித்தார்.

மூன்றாவது பாடம் அவர் உடம்பில் இல்லை. ராமுத்தாய் உடம்பில் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் விழுந்தால் கட்டை வியாபாரிக்கு. தழையும் சுள்ளியும் யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு. ஆட்டுக்குத் தழை வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். கேஸ் அடுப்பு வந்தும் வெந்நீர் போட விறகு வேண்டித்தானே இருக்கிறது. அதனால் மெஷின் சத்தம் கேட்டதும் அருவாளோடு பெண்கள் கூடிவிடுவார்கள். மரம் விழுந்த நொடியில் ஓடிப்போய் நல்ல கொப்பின் மேல் தலைத்துண்டைப் போட்டுவிட்டால் அந்தக் கொப்பு அவளுக்குச் சொந்தம், அதற்கப்புறம் எவளும் கை வைக்க மாட்டாள். பஸ்சில் இடம் பிடிக்கிறது போலத்தான். ஆனால் பஸ் தலையில் விழாது.

அப்போதெல்லாம் பெண்கள் கணக்கு ஒன்றுதான்: மெஷின் நின்றால் மரம் விழுந்துவிட்டது என்று அர்த்தம், ஓடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தை முக்கால்வாசி அறுத்திருக்கும்போது மரியராஜின் மெஷினில் பெட்ரோல் தீர்ந்துபோனது. மெஷின் நின்றது. மரம் நின்றுகொண்டுதான் இருந்தது. தூசியில் சரியாகப் பார்க்காமல் முதலில் ஓடிவந்தவள் ராமுத்தாய். மரம் வந்தது. தடிக்கொப்புகளுக்கு நடுவில் மாட்டியதால் பிழைத்தாள், ஆனால் இடது கை முழங்கையில் முறிந்து, கட்டுப்போட்டும் கோணலாகவே கூடியது. அவளைப் பார்க்கப் போன மரியராஜிடம், “விடுய்யா, எம்மேலயும் தப்பிருக்கு. நானும் ஒரு பொறுமையில்லாம ஓடியாந்தேன்” என்றாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு வாரம் மெஷினைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் விசில். கம்பத்தில் வாங்கிய கண்டக்டர் விசில், சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மரத்தின் உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். மெஷின் நின்றாலும் சரி, மரம் விழுந்தாலும் சரி, கோட்டைத் தாண்டக் கூடாது. விழுந்த மரத்தின் பக்கத்தில் மரியராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடாமல், மூன்று மாதா ஜெபம் சொல்வார். ஜெபம் சாக்கு, உண்மையில் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். விழுந்த மரம் உடனே அடங்காது. அடியில் நசுங்கிய கொப்பு முறியும், கட்டை உருளப் பார்க்கும், மேலே பக்கத்து மரத்தில் ஏதாவது மாட்டியிருந்தால் கிரீச்சென்று முனகும். மூன்று ஜெபத்துக்குள் எல்லாம் சத்தம் காட்டிவிடும். சத்தம் அடங்கிய பிறகு மூன்று விசில். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொம்பளைக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. ராமுத்தாயே கோட்டுக்குக் காவல்காரியாகிவிட்டாள். “ஏலே, மாதா சம்மதம் குடுக்கட்டும், அதுக்குள்ள எங்க ஓடுறீக?” என்று கோணல் கையை நீட்டி மறிப்பாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள் இல்லை, ஆனாலும் அந்த மூன்று ஜெபத்தின் நீளம் அவளுக்கு அத்துப்படி.

பெட்ரோல் போட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, மரத்தில் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பது பிச்சைமணி. பக்கத்துத் தெருக்காரர், மரியராஜைவிட இரண்டு வயது மூத்தவர். சாதி வேறு, சாமி வேறு, ஆனால் இருபது வருஷமாக இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். விசில் ஊதியதும் முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் பிச்சைமணிதான், கயிற்றை அவிழ்க்க வேண்டுமே. மரியராஜின் பெயரை ஊர் ஊராகப் பரப்பியவரும் அவர்தான். பெரியகுளத்தில் ஒரு மாந்தோப்பில் பாதி அறுத்த மரத்தை மரியராஜ் சட்டென்று விட்டுவிட்டுப் பிச்சைமணியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். “உள்ள கொடல் பொத்தலாப் போயிருக்கு, சத்தமே வேற” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மரம் தப்பான பக்கம் தானே விழுந்தது, பிச்சைமணி நின்ற இடத்தில். அந்தக் கதையை எல்லா டீக்கடையிலும் பிச்சைமணி சொல்லிவிட்டார். “எங்க மாப்ளைக்கு மரம் பேசுறது கேக்கும்யா” என்பார். அந்தப் பெயர் மரியராஜுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கென்னமோ அங்கேதான் சனியன் பிடித்தது என்று தோன்றுகிறது.

இருபத்தெட்டு வருஷம் காதுக்குப் பக்கத்தில் மெஷின் அலறினால் காது என்ன இரும்பா? காதை மூடுகிற கவசம் வாங்கியதே கடைசி ஐந்து வருஷத்தில்தான். அதற்குள் திருடன் வீட்டுக்குள் வந்து பாதிச் சாமானைக் கட்டிவிட்டான்.

முதலில் குக்கர் விசில் போனது. “அஞ்சு விசில் வந்துருச்சு, அடுப்ப அமத்தாம உக்காந்திருக்கீகளே” என்று ஆரோக்கியம்மாள் கத்தியபோதுதான் தெரிந்தது. அடுத்து, விருதுநகரில் நர்சு வேலை பார்க்கிற மகள் இவாஞ்சலின் போனில் பேசுவது புரியாமல் போனது. முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆரோக்கியம்மாள் விடாப்பிடியாகத் தேனிக்குக் கூட்டிப் போனாள். காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். மரியராஜ் உத்தேசமாகத் தூக்கினார், பரீட்சையில் காப்பியடிக்கிற பையன் மாதிரி. டாக்டர் சிரிக்கவில்லை. பஸ் சத்தம், மெஷின் உறுமல் மாதிரிக் கனத்த சத்தமெல்லாம் கேட்கும், கிரீச்சு, முறிவு, விசில் மாதிரிச் சன்னமான சத்தங்கள் போனது போனதுதான் என்றார். காதில் வைக்கிற சின்ன மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிவந்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் பெட்டியோடு வைத்தார் மரியராஜ்.

“அத மாட்டிக்கிட்டுப் போனா என்னங்க?”

“மரம் வெட்டப் போறவன் காதுல இத மாட்டிட்டுப் போனா எவன் கூப்புடுவான்? மரம் பேசுறது கேக்கும்னு ஊரே சொல்லிட்டிருக்கு.”

“ஊருக்குச் சொல்ல வேணாம். பிச்சைமணி அண்ணன்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க. உங்கள நம்பி மரத்தடிக்குப் போறாக அவுக.”

“சொல்றேன். ஆடி முடியட்டும்.”

அதற்கப்புறம் மூன்று ஆடி முடிந்துபோனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருப்போம். மரியராஜ் மறைத்தது இன்னும் சாமர்த்தியமாக. எப்போதும் பிச்சைமணியை எதிரே உட்கார வைத்துக்கொள்வார், உதட்டைப் பார்த்தால் பேச்சுப் புரிந்துவிடும். போன் வந்தால் ‘சார்ஜ் இல்ல’ என்று மனைவியிடம் கொடுப்பார். எல்லோரும் சிரித்தால் தானும் சிரிப்பார். மரத்தடியில் கவசத்தின் மேல் பழி போடுவார். மரம் விழுந்த பிறகு தொப்பியைக் கழற்றி, மூன்று ஜெபத்தையும் ஒன்று விடாமல் சொல்வார், முன்னைவிட நிதானமாகவே சொல்வார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்பது போய்விட்டது, ஜெபம் மட்டும் பாக்கி இருந்தது. மூன்று வருஷம் அந்த வெற்று ஜெபத்தை முடித்து முடித்து விசில் ஊதினார், ஊதிய விசிலும் அவருக்குக் கேட்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் கெடுதல். ஒரு சின்ன அடி பட்டிருந்தால்கூட மனிதர் விழித்துக்கொண்டிருப்பார்.

ஆரோக்கியம்மாள் மட்டும் அவர் வேலைக்குப் போகிற நாளெல்லாம் மதியம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். விரதம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

போன ஆடியில் தங்கப்பாண்டியன் கூப்பிட்டு அனுப்பினார். காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே வாய்க்கால் கரையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர். தோட்டத்து வேலியோரம் கிழட்டு வாகைமரம் ஒன்று. நிழல் விழுந்து பந்தலில் கொடி காய்க்க மாட்டேன் என்கிறது, கவாத்துக்கு முன்னால் சாய்த்துவிட வேண்டும் என்றார். பந்தலுக்கு எதிர்ப்பக்கம் தரிசு. அந்தப் பக்கம் விழவைத்தால் பிரச்சினை இல்லை. ஒன்றே ஒன்று: தரிசின் ஓரத்தில் ஒரு புளியமரம் நின்றது, வாகையின் ஒரு தடிக்கொப்பு நீண்டுபோய் அந்தப் புளிக்குள் நுழைந்திருந்தது.

காலை ஏழரைக்கே மேற்கே மலை மேல் மேகம் இருட்டிக்கொண்டு நின்றது. ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊருக்குப் பழமொழி. இந்தப் பள்ளத்தாக்குக்கு அது வானிலை அறிக்கை. பத்தரை, பதினொன்றுக்குள் காற்று இறங்கிவிடும். இறங்கினால் அன்றைக்கு மரத்தில் கை வைக்க முடியாது.

பிச்சைமணி மரத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தார்.

“மாப்ள, அங்கன பாரு. அந்தக் கொப்பு புளிக்குள்ள கைய விட்டு நிக்குது. முறிஞ்சா உள்ளயே தங்கிரும்போல.”

“ம்.”

“மேல ஏறி அத மட்டும் கழிச்சிட்டா நிம்மதி. மரமேறுற பாண்டீஸ்வரனுக்குக் காச்சல், நாளைக்குத்தான் வருவான்.” பிச்சைமணி சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக மரியராஜைப் பார்த்தார். “நாளைக்கே வெட்டிக்கிருவமா? இல்ல, மாட்டுனா முனகத்தான செய்யும், ஒன் காதுக்குத் தப்புமா? நீயே சொல்லு.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனிடம் எவனாலும் கேட்க முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று நிற்கிற மாதிரி இருந்தது. மணி, எனக்குக் கேக்காதுடா என்று மூன்று வார்த்தை போதும். நாளைக்கு வெட்டுவோம் என்று சொன்னாலும் போதும், காரணம்கூட வேண்டாம். மரியராஜின் தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் தங்கப்பாண்டியன் பக்கத்தில் நின்று, “மரியராஜ் இருக்கும்போது என்ன யோசன? காத்து கெளம்புறதுக்குள்ள முடிச்சிரலாம்ல?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெயர் பெற்றவனிடம் எல்லோரும் பேசுவது போலத்தான் பேசினார்.

“வெட்டிரலாம்” என்றார் மரியராஜ்.

சொன்ன கையோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

அன்றைக்கு அவர் பார்த்த வேலையில் குற்றம் சொல்ல இடமில்லை. பெட்ரோல் நிறைத்தார். செயினை விரலால் தடவிப் பார்த்தார். பின்னால் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் செடிகொடி வெட்டி வழி வைத்தார். தரிசுப் பக்கம் ஆழமாக வாய் எடுத்தார். முதுகில் நிதானமாக அறுத்து, ஆப்பு அடித்து, நாலு விரல் கீல் விட்டார். கோட்டுக்கு வெளியே ராமுத்தாயும் ஏழெட்டுப் பெண்களும் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிச்சைமணி கயிற்றைத் தூரத்து வேம்பில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். வாகை ஒரு தரம் தலையை அசைத்தது. அப்புறம் குறித்த இடத்தில், குறித்த கோணத்தில் வந்து படுத்தது. தரை அதிர்ந்தது மரியராஜின் காலுக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அதைவிடச் சுத்தமாக ஒரு மரத்தை அவர் சாய்த்ததில்லை.

தூசி அடங்கியது. அவர் மெஷினை அணைத்துக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

முதல் ஜெபம் சொல்லும்போது அடிமரத்தைப் பார்த்தார், உருளவில்லை. இரண்டாவது ஜெபத்தில் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தக் கொப்பு எங்கே? விழுந்த மரத்தோடு வந்ததா, உள்ளே தங்கியதா? புளி அடர்ந்த மரம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அசைவு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. புளி முழுக்க ஆடியது. எல்லாம் ஆடும்போது எது ஆடுகிறது என்று கண்ணுக்கு என்ன தெரியும்? காது சொல்ல வேண்டிய இடம் அது. காது இருந்த இடத்தில் எப்போதும் போல ஊமை இரைச்சல்தான் இருந்தது.

மூன்றாவது ஜெபத்தை மெதுவாகச் சொன்னார். சாவு நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிற கடைசி வரியில் நாக்கு ஒரு கணம் நின்றது. இன்னொரு ஜெபம் சொல்வோமா என்று நினைத்தார். நாலாவது சொன்னால் பிச்சைமணி என்ன மாப்ள என்று கேட்பார். கோட்டுக்கு வெளியே எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசிலை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினார்.

செவிடன் காதில் ஊதிய சங்கைப் பற்றிப் பழமொழி உண்டு. செவிடன் ஊதிய விசிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை.

பிச்சைமணி எப்போதும் போல முதலில் வந்தார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, புளிக்குக் கீழே. பின்னால் பெண்கள் ஓடிவந்தார்கள். பாதி வழியில் ராமுத்தாய் நின்றாள். கோணல் கையைத் தூக்கினாள். அவள் வாய் திறந்தது, பெரிதாகத் திறந்தது. மற்றப் பெண்களும் சட்டென்று நின்றார்கள். எல்லா முகமும் மேலே போனது. சினிமாவில் சத்தத்தை அணைத்து வைத்தது போல மரியராஜ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பி அவரும் மேலே பார்த்தபோது, புளிக்குள்ளிருந்து தொடைப் பருமன் கொப்பு வெளியே வந்துவிட்டது. ராமுத்தாயின் கத்தலுக்கு அண்ணாந்த பிச்சைமணி ஓரெட்டு எடுத்து வைத்தார். இரண்டெட்டு வேண்டியிருந்தது. கொப்பு அவர் இடுப்புக்கு மேலே குறுக்காக விழுந்தது.

கொப்பைத் தூக்கினது, பிச்சைமணியைக் கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தங்கப்பாண்டியனின் வேனில் ஏற்றினது எல்லாம் மரியராஜுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஒன்று மட்டும் முழுசாக ஞாபகம் இருக்கிறது. வேன் கிளம்பும் முன் ராமுத்தாய் அவர் எதிரே வந்து நின்று கேட்டது.

“அம்புட்டுச் சத்தமா முனகுச்சேய்யா. கோட்டுக்கு வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு. நீ விசில் ஊதிட்டேன்னு நானும் நம்பி வந்தேன். ஒனக்குக் கேக்கலையா?”

“காத்து, அக்கா” என்றார் மரியராஜ். “காத்துல கேக்கல.”

ஊர் அதை நம்பியது. ஆடிக்காற்றின் மேல் பழி போட்டால் யார் மறுப்பார்கள்? யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். பாவம், கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவனுக்கு இப்படி ஆகிப்போச்சே என்று மரியராஜுக்கே ஆறுதல் சொன்னார்கள். தேனிப் பெரியாஸ்பத்திரியில் பிச்சைமணிக்கு உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. வராது என்று பத்தாம் நாள் சொல்லிவிட்டார்கள். மரியராஜ் தினமும் போனார். பிச்சைமணியின் மனைவி ஜோதிலட்சுமி அவருக்கு பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். “நீங்க சாப்பிடாம கெடக்கீகளாமே, தங்கச்சி சொல்லுச்சு. ஒங்க மேல என்னண்ணே தப்பு?” என்பாள். அந்தக் காபியை அவர் கையிலேயே ஆறவிடுவார். ஆரோக்கியம்மாளுக்கும் வாய் இருந்தது, மூன்று வருஷமாகப் பக்கத்துத் தெருவில்தான் பிச்சைமணியும் இருந்தார். அந்த நினைப்பு அவளையும் தின்றுகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் இருவரும் சேர்ந்து போனார்கள். ஜோதிலட்சுமி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். பிச்சைமணி மல்லாந்து படுத்தபடி மரியராஜைப் பார்த்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, கண் மட்டும் பழைய பிச்சைமணியாக இருந்தது.

“மாப்ள, நீ மனசப் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்கேன்னு ஜோதி சொன்னா. அந்தக் காத்துல எவனுக்குத்தான் கேக்கும்? ஒனக்கே கேக்கலைன்னா அது வேற எவனுக்கும் கேட்டிருக்காது. விடு.”

உதட்டைப் பார்த்தே ஒவ்வொரு வார்த்தையையும் மரியராஜ் படித்தார். படுக்கையில் கிடக்கிறவன் தன்னை மன்னித்து, தப்பிக்கவும் வழி சொல்கிறான். தலையை ஆட்டினால் போதும். இந்த மூன்று வருஷமாக அவர் செய்துவந்த வேலை அதுதானே, தலையை ஆட்டுவது.

“காத்து இல்ல மணி” என்றார். “எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமாச்சு. மரம் முனகுறது, முறியிறது ஒண்ணும் கேக்காது. டாக்டரே சொல்லிட்டாரு. ஒங்கிட்டச் சொல்லல.”

பிச்சைமணி அவரையே பார்த்தார். அப்புறம் ஆரோக்கியம்மாளைப் பார்த்தார், அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தாள். தங்கச்சிக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். தோள் அசைந்ததைப் பார்த்துத்தான் மரியராஜுக்கு அவர் பேசியது தெரிந்தது. உதடு தெரியவில்லை. என்ன மணி, என்ன சொன்ன என்று கேட்டார். பிச்சைமணி திரும்பவில்லை.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது கேட்டார், “மணி என்ன சொன்னான்?”

“வீட்டுக்குப் போயிச் சொல்றேன்.”

“இப்பச் சொல்லு.”

ஆரோக்கியம்மாள் அவர் முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“‘அப்ப எதுக்குடா விசில் ஊதுன?’ன்னு கேட்டாக.”

கம்பம் பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்சும் வந்து போனது. மரியராஜ் ஏறவில்லை, அவளும் ஏறச் சொல்லவில்லை.

மெஷினை அந்த வாரமே விற்றுவிட்டார். பீரோவில் இருந்த காது மெஷினை இப்போது மாட்டிக்கொள்கிறார், பேச்சுக்குக் கொஞ்சம் உதவுகிறது, சன்னமான சத்தங்களுக்கு அதுவும் உதவுவதில்லை. செயின் தீட்ட வருகிற ஆட்களிடம் தன் காதைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவர்கள் காதைப் பற்றியும் விசாரிப்பார். குக்கர் விசில் கேட்கிறதா என்று கேட்பார். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பிச்சைமணி வீடு திரும்பிய அன்று மரியராஜ் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஜோதிலட்சுமியிடம் கொடுத்தார். அது இப்போது பிச்சைமணியின் கட்டில் சட்டத்தில் தொங்குகிறது. தண்ணீர் வேண்டுமென்றால், புரட்டிப் போட வேண்டுமென்றால், அவர் அதை ஊதுவார். சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டு மரியராஜ் அங்கே போய், கட்டிலின் தலைமாட்டில், சமையல்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். விசில் சத்தம் அவருக்குக் கேட்காது. சமையல்கட்டிலிருந்து ஜோதிலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்துத்தான், பிச்சைமணி ஊதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்.